அஞ்சலை அக்காவுக்கு ஒதுக்கிய இருக்கை

அன்பு மாறாத என் அஞ்சலை அக்காவுக்கு,

1. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் பிறந்து, தற்சமயம் திண்டிவனத்தில் குடியிருந்து வருபவரும், காலஞ்சென்ற கன்னியப்பன் அவர்களின் மகனும், தொழிலால் வழக்கறிஞரும் நோட்டரியுமான ஏழுமலை ஆகிய நான் உன் உடன்பிறந்த தம்பி. உன் மகள் வினோதினிக்குத் தாய்மாமன்.

2. இக்கடிதத்தில் நான் நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன். கோபத்தில் எழுதிய வரிகளையும் அவ்வாறே பிரித்துக்காட்ட முயன்றேன். இயலவில்லை.

3. நீ உயிரோடிருந்தபோதே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இப்போது அதற்கும் வழியில்லை. ஆகவே இது அச்சில் வருகிறது. உன்னால் படிக்க முடியாததை ஊர் படிக்கட்டும்.

எண் போடுவதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், அக்கா. தொடர்ந்து எண் போட்டால் இது மனுவாகிவிடும். மனு என்றால் இறுதிப் பத்தியில் யாரிடமாவது எதையாவது வேண்டிக் கேட்டாக வேண்டும். உன்னிடம் இனி எதைக் கேட்பது?

செய்தியைச் சொல்கிறேன். நம் வினோதினி இந்திய மகளிர் கால்பந்து அணியில் சேர்ந்துவிட்டாள். நீ போன பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. பெங்களூரில் நேபாள அணிக்கு எதிராக ஆட்டம். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரியாக முதல் பதினொருவரில் அவளே இறங்குவாள் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறாராம். இது அவள் சொல்லக் கேட்டது.

ஆட்டக்காரர்களின் பெற்றோருக்கு என்று மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள் ஒதுக்குகிறார்கள். ஒன்று அப்பாவுக்கு, மற்றொன்று அம்மாவுக்கு. அப்பாவுக்கான பாஸ் தனசேகருக்குப் போயிருக்கிறது. அம்மாவுக்கான பாஸை வினோதினி எனக்கு அனுப்பியிருக்கிறாள். போவதா, வேண்டாமா என்பதை முடிவு செய்ய முடியாமல்தான் இத்தனை நாள் திணறிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் மீது எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. எனக்குப் பிரச்சினை பக்கத்து இருக்கை.

தனசேகரை உன் கணவர் என்றே நான் எழுத வேண்டும். விவாகரத்து கேட்டு நீங்கள் இருவருமே நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வானூரில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்ட பிறகும், ரேஷன் கடைப் பக்கம் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பிறகும், சட்டத்தின் கண்ணில் கடைசி நாள் வரை அவர்தான் உன் கணவர். உன் பாடைக்கு முதல் மாலையையும் அந்த உரிமையில்தான் போட்டார். போட்டுவிட்டு, லாரிக்கு லோடு ஏற்ற ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். இது நான் கண்டது.

அவர் எப்படிப் போனார் என்பது உனக்குத் தெரியும். படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வினோதினி பெரியவளானபோது ஒன்பதாம் வகுப்பு. தாய்மாமன் முறைக்குப் பச்சைத் தென்னோலை வெட்டிவந்து உன் வீட்டுக் கூடத்தின் மூலையில் நான்தான் குச்சு கட்டினேன். சடங்கு முடியும்வரை பெண் அந்த ஓலைக் குடிலை விட்டு வெளியே வரக்கூடாது என்பது நம் வழக்கம். அதே வாரத்தில் விழுப்புரத்தில் பள்ளிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், விடியற்காலையில் நீயே ஓலையைப் பிரித்து அவளை வெளியே அழைத்து, பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாய். அவர்கள் அணி தோற்றது. மாலையில் நீங்கள் இருவரும் திரும்பி வந்து இறங்கும்போது கோடை மழை கொட்டிக்கொண்டிருந்தது.

உப்பளத்தில் அந்தப் பருவத்தில் பெய்யும் மழை என்ன செய்யும் என்பதை மரக்காணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாத்தியில் விளைந்துகொண்டிருந்த உப்பு கரைந்தது. வாரிக் குவித்து, இன்னும் ஓலை போட்டு மூடாமல் விட்டிருந்த குவியல்கள் கரைந்தன. வெயிலில் நின்று சேர்த்த உழைப்பு வாய்க்கால் வழியாகக் கழிமுகத்துக்குத் திரும்பிப் போயிற்று. வானிலை அறிக்கையை யாரும் பார்க்கவில்லை. தீட்டோடு தெருவில் இறங்கிய பெண் யார் என்று பார்த்தார்கள்.

உப்பு லாரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரியாக இருந்தார் உன் கணவர். அளத்துக்காரர்கள் அவரைக் கேட்டார்கள். அவர் வந்து உன்னைக் கேட்டார், தெருவில் நின்று, எல்லாரும் கேட்கும்படி.

"தொடைய காட்டிக்கினு பந்து ஒதைக்கறதுக்கு ஊரு உப்பையே கரைச்சிட்டீங்களேடி ரெண்டு பேரும்."

நீ கூடையைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாய். எழுந்திருக்கவில்லை.

"மழ பெஞ்சதுக்கு எம் பொண்ணு காரணம்னா, போன வருசம் மழ பெய்யாம உப்பு நல்லா வெளைஞ்சுதே, அதுக்கும் அவதான் காரணம். அதுக்கு எவன் வந்து கும்புட்டான்?"

உன்னோடு உப்பு சுமந்த பச்சையம்மாள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் தனசேகரால் தாங்க முடியவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அந்த வாரமே வீட்டை விட்டுப் போனார். மழைக்காகப் போனதாக ஊர் சொல்லிற்று. வானூர் வீட்டுக்கு அதற்கு முன்பே அவர் போய்வந்துகொண்டிருந்தார் என்பதும் ஊருக்குத் தெரியும். தெரிந்தும் மழையையே காரணமாக வைத்துக்கொண்டது. ஆணுக்கு ஊர் கொடுக்கும் சலுகைகளில் அதுவும் ஒன்று.

அதன் பிறகு நீ இருந்த இருப்பை இங்கே விவரிக்கப்போவதில்லை. ஒன்று மட்டும். ஒரு நாள் அளத்துக்கு உன்னைப் பார்க்க வந்தேன். உப்புக் கூடையைத் தலையில் வைத்து வரப்பில் வந்துகொண்டிருந்தாய். பள்ளிச் சீருடையோடு வினோதினி உருட்டிய பந்து உன் காலடிக்கு வந்தது. கூடையிலிருந்து கை எடுக்காமல், கழுத்தை வளைக்காமல், காலால் அதை அவளுக்கே திருப்பித் தட்டிவிட்டு நடந்தாய். அந்த ஒரு கணத்தில் நீ எவ்வளவு அழகாக இருந்தாய் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

சிறுநீரகம் கெட்டு, புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நீ அலைந்த நாட்களில் அவர் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. இதுவும் நான் கண்டது; பார்க்காததைக் கண்டது என்று சொல்லலாமென்றால்.

இப்போது அணிச் சட்டைக்கு வருகிறேன். வினோதினியின் முதுகில் எண்ணுக்கு மேலே ஆங்கிலத்தில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள் தெரியுமா? தனசேகர்.

அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்தக் கட்டத்தைக் கண்டதும் எல்லாரும் அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். கணினி மையத்தில் நிரப்பியவரும் அதையே செய்தார். பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் அணிப் பட்டியலில் வரும். பட்டியலில் இருப்பதுதான் முதுகில் வரும். இந்த மாநிலத்துப் பெண்கள் எத்தனையோ பேர் தங்கள் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டுதான் வெளிநாட்டு மைதானங்களில் ஓடுகிறார்கள்.

அவர்களின் அப்பாக்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர் போடவில்லை. அவள் அப்போது மைனர். இளையோர் அணியோடு வெளிநாடு போக வேண்டியிருந்தது. பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. நீ என் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் வானூருக்குப் போய் அவரிடம் கேட்டேன். "அரை டவுசரு போட்டுக்கினு வெளிநாடு போறதுக்கு என் கையெழுத்தா? வேற ஆளப் பாரு" என்றார். கணவர் பிரிந்து போய்விட்டார், சம்மதம் தர மறுக்கிறார் என்று நீ தனியாக உறுதிமொழி கொடுத்துத்தான் அந்தப் பாஸ்போர்ட் கிடைத்தது. வாசகத்தைத் தயாரித்தவன் நான். அதைப் படித்துக் காட்டியபோது, "பிரிந்து போய்விட்டார்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை கேட்டாய்.

கையெழுத்து மறுத்தவர் பெயர் முதுகில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவள் பெயர் எங்கே இருக்கிறது, அக்கா?

சென்ற வாரம் தனசேகர் என் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நான் எழுந்து நிற்கவில்லை; நாற்காலியைக் காட்டினேன்.

"இன்னா வக்கீல் மச்சான், வேன் பேசியாச்சு. ஏசி வேன். முன் சீட்டு உனக்குத்தான்."

"நான் வர்றதா இன்னும் முடிவு பண்ணல."

"இதுல முடிவு பண்ண இன்னா இருக்குது? பொண்ணு இந்தியாவுக்கு ஆடுது. என் பேர போட்டுக்கினு ஆடுது. டிவில போன வாரம் பயிற்சிய காட்டனான், பாத்தியா? கடைத்தெருவுல அத்தினி பேரும் என் கைய புடிச்சி குலுக்கறான்."

"மழ பெஞ்சப்ப உன்ன கேள்வி கேட்ட அதே ஆளுங்கதானே?"

அவர் சிரித்தார். வெட்கப்பட்டுச் சிரித்திருந்தால்கூட இந்தக் கடிதத்தின் தொனி கொஞ்சம் மாறியிருக்கும். நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்போலச் சிரித்தார்.

"பழசயெல்லாம் எதுக்கு மச்சான் கெளர்ற? சரி, வர்லன்னா இப்பவே சொல்லிடு. வானூர்ல இருந்து இவளும் வர்றா. அவளுக்கு தனியா டிக்கெட் போட்டாச்சு. ஒன் சீட்டு காலியா இருந்தா எம் பக்கத்துல வந்து குந்திக்கினு போறா. அவளும் அம்மா மொறதானே."

அந்தப் பெண்மணி மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. அவர் பெயரைக்கூட நான் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது, மேசைமீது இருந்த முத்திரைக் கட்டையை எதற்கென்று தெரியாமல் கையில் எடுத்திருந்தேன். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். முப்பது வருடமாகக் கட்சிக்காரர்களிடம் சொல்லிப் பழகிய வார்த்தை. வாய் தானாகச் சொல்லிற்று.

மறுநாள் மரக்காணம் போனேன். கூட்டுரோட்டில் ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். "உப்பு மண்ணின் தங்க மகளே" என்று தொடங்குகிறது. நடுவில் வினோதினி, அவளுக்குப் பக்கத்தில் கைகூப்பியபடி தனசேகர், கீழே வரிசையாக, அவளால் உப்பு கரைந்தது என்று சொன்னவர்களின் முகங்கள். உன் படம் இல்லை. பச்சையம்மாள் எனக்கு முன்பே வந்து அதன் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, பெத்தவ போட்டோ எங்க?"

ஏணியில் நின்றவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "செத்தவங்க படத்த வாழ்த்து பேனர்ல போட்டா ஆகாது ஆயா."

"அப்ப மேல வரிசையா தலைவருங்க படம் போட்டிருக்கியே, அவங்கல்லாம் இப்ப உசுரோடவா இருக்காங்க?"

அவர் அடுத்த கயிற்றை எடுத்தார். பச்சையம்மாள் என்னிடம் திரும்பி, "நீ போறல்ல?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். "படிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் தவண வேணும்" என்று சொல்லிவிட்டு அளத்துப் பக்கம் நடந்தார்.

போகக் கூடாது என்பதற்கு என்னிடம் நியாயமான காரணங்கள் இருந்தன. அந்த வேனில் ஏறினால், நடந்தவற்றுக்கெல்லாம் நான் சம்மதம் தெரிவித்ததாக ஊர் எடுத்துக்கொள்ளும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், புகைப்படம் எடுப்பார்கள். அடுத்த ஃபிளக்ஸில் நானும் இருப்பேன், அவர் தோளில் கை போட்டிருக்க. எல்லாவற்றையும் சரோஜாவிடம் சொன்னேன். உன் தம்பி மனைவியைத்தான் உனக்குத் தெரியுமே.

"போவலன்னு சொல்றதுக்கு இத்தினி காரணமா?"

"அந்த ஆள் பக்கத்துல ரெண்டு மணி நேரம் எப்படி குந்தறது?"

"கோர்ட்ல தெனம் யார் யார் பக்கத்துலயோ குந்திக்கினு இருக்கீங்க. கொலகாரன் பக்கத்துலகூட."

"அது தொழில்."

"இது அக்கா" என்றாள்.

மாலையில் பயிற்சி முடிந்ததும் வினோதினி கூப்பிட்டாள்.

"மாமா, கெளம்ப ஏற்பாடு பண்ணிட்டீங்களா?"

"உங்கப்பாவுக்கு நீயாத்தான் பாஸ் அனுப்பினியா?"

"ஆமா. கேட்டாரு. அனுப்பிட்டேன்."

"ஏம்மா?"

"எங்கப்பாதானே மாமா."

உனக்காக எனக்கு வலித்தது. அவளிடம் அதைக் காட்ட எனக்கு உரிமை இல்லை. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடாதபோது பார்த்துக்கொண்டிருந்தவர் போட முடியாது. அவள் அப்பாவை அவள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் நீயும் இல்லை, நானும் இல்லை. அவளே சொன்னாள்:

"நீங்க கேஸ் போட்டா எதிர் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவீங்கல்ல? அப்படி வெச்சுக்கோங்க மாமா."

அது கேலியா, உண்மையா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உன் மகள்தான், உன்னிடமும் பல சமயம் பிடிபடாது.

சட்டையில் இருக்கும் பெயரைப் பற்றிச் சொன்னேன். அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ளலாம், தாய்ப் பெயரை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, நானே எல்லாம் செய்து தருகிறேன் என்றேன்.

"முதுகுல இருக்கறத நான் பாக்கப் போறதில்ல மாமா. பின்னாடி ஓடி வர்றவ படிச்சிக்கட்டும்."

"நான் வர்லன்னா வருத்தப்படுவியா?"

"இல்ல. அந்த சீட்டு காலியா இருந்தா அம்மா வந்து குந்தியிருக்குன்னு நெனச்சிக்குவேன். பாட்டு போடறப்ப அந்தப் பக்கம் ஒரு தடவ பாப்பேன். அவ்ளோதான்."

அங்கேதான் முடிவாயிற்று, அக்கா. அந்த இருக்கை காலியாக இருக்காது என்பது அவளுக்குத் தெரியாது. தேசிய கீதம் ஒலிக்கும்போது அவள் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்ப்பாள். உன்னை நினைத்துப் பார்க்கும் இடத்தில் வானூர்ப் பெண்மணி உட்கார்ந்திருப்பார். ஆட்டத்துக்கு முன்னால் அதை அவளிடம் சொல்ல எனக்கு மனமில்லை; இந்தக் கடிதமும் ஆட்டம் முடிந்த பிறகுதான் அச்சேறும். சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியாது.

ஈ.சி.ஆர். ஓரத்து மனை வழக்குகள் என்னிடம் நிறைய வரும். "நம்ம இடந்தானே சார், எங்க போயிடப்போவுது" என்று வேலிகூடப் போடாமல் சென்னையில் இருந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். திரும்பி வரும்போது அங்கே யாரோ கடை கட்டியிருப்பார்கள். நோட்டீஸ் கிடைத்தும், எதிர்த் தரப்பின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நீதிமன்றத்துக்கு வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோபம் நியாயமானதுதான். வராதவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுத நீதிபதிக்கு அரைப் பக்கம் போதும். எவ்வளவு கோபம் இருந்தாலும் ஆஜராகிவிடுங்கள் என்றுதான் இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

ஆகவே போகிறேன். வேனில் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக. சரோஜாவும் வருகிறாள், பொதுக் கேலரியில் அவளுக்கும் பச்சையம்மாளுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. தனசேகருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். "ரொம்ப சந்தோசம் மச்சான்" என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டிருப்பார் போலிருந்தது. அதுதான் இன்னும் கசக்கிறது. தான் செய்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. செய்ததை மறந்தவரிடம் எதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வது?

ஒன்றை மட்டும் தெளிவாகப் பதிவு செய்கிறேன். நான் போவதை மன்னிப்பு என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதிகாரப் பத்திரம் செயலிழந்துவிடும். உன் சார்பில் அவரை மன்னிக்க என்னிடம் எந்த அதிகாரமும் இல்லை. என் சார்பில் மன்னிக்க எனக்கு விருப்பமில்லை. காலம் போனால் ஆறும் என்கிறார்கள். கெடு தாண்டினால் வழக்குப் போட முடியாது என்கிற காலவரம்புச் சட்டம் வழக்குகளுக்குத்தான் பொருந்தும்.

இனி உனக்கு நான் தரும் வாக்குறுதி. பெங்களூரில் உனக்கு ஒதுக்கிய இருக்கையில், தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும் நேரம் தவிர, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். யாருக்காகவும் எழுந்து இடம் விட மாட்டேன். ஒலிபெருக்கியில் தனசேகர் என்று அறிவிப்பார்கள், அவர் எழுந்து நின்று கை அசைப்பார், அசைக்கட்டும். எந்த நீதிமன்றத்திலும் குரலை உயர்த்திப் பேசியறியாதவன் நான். அன்று பந்து அவள் காலுக்கு வரும்போதெல்லாம், அளத்தில் பெண்கள் அவளை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே, அஞ்சலை பொண்ணே என்று தொண்டை கிழியக் கூப்பிடுவேன். மைதானத்து இரைச்சலில் அது அவளுக்குக் கேட்காது. தொலைக்காட்சியிலும் கேட்காது. கேட்க வேண்டியவர் பக்கத்து இருக்கையில்தான் இருப்பார்.

இதில் கண்டவை அனைத்தும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.

உன் கூடப் பிறந்த தம்பி,
க. ஏழுமலை
திண்டிவனம்

சாட்சிகள்:
1. சரோஜா, உன் தம்பி மனைவி (கையெழுத்து)
2. பச்சையம்மாள், உன்னோடு உப்பு சுமந்தவர் (இடது கைப் பெருவிரல் ரேகை, முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. "இன்னும் ரெண்டு வரி ஏசியிருக்கலாம்" என்றார்.)